வேலி தாண்டியது யார்?

உயிர்களை ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக வரிசைப்படுத்திக் காட்டியவர் தொல்காப்பியர். அவ்வரிசையின் முடிவில் மனிதனை வைத்தார். வரிசைக்கு வெளியே வைத்தாரில்லை. மரபியலை நடத்தும்போதெல்லாம் இக்கருத்தை மாணவர்க்கு எடுத்துரைப்பது என் வழக்கம். ஆயினும் அதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. திருமுருகன்பூண்டியில் நல்லாற்றுப் பாலத்தின்மேல் நின்ற ஒரு விடியற்காலைப் பொழுதில்தான்.

பூண்டியை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். சுந்தரர் பாடல்பெற்ற பழம்பெருங் கோயிலும், சிற்பக்கூடங்களில் ஓயாது ஒலிக்கும் உளியோசையும் அவ்வூரின் அடையாளங்கள். அவிநாசிப் பக்கமிருந்து வரும் நல்லாறு அவ்வூரைத் தொட்டுச் சென்று நஞ்சராயன் குளத்தில் கலக்கிறது. அன்று பாலத்தின் அடியில் சாக்கு மூட்டைகள் சில கிடந்தன. வாய் பிரிந்த மூட்டைகளிலிருந்து கோழிக் குடலும் இறகும் சிதறியிருந்தன. பத்துப் பன்னிரண்டு நாய்கள் அவற்றை இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தன. காகங்களும் கொக்குகளும் அருகில் காத்திருந்தன. சற்றுத் தள்ளி ஆடுகள் மேய்ந்தன. பாலத்தின்மேல், பனியன் கம்பெனியில் இரவு வேலை முடித்த தொழிலாளர் சிலர் மூக்கைப் பொத்தியபடி நடந்து வந்தனர்.

நாயும் பறவையும் ஆடும் ஆற்றுநீரும் மனிதனும் ஓரிடத்தில் கூடிய காட்சி அது. இக்கூட்டத்தைக் கூட்டியது யார்? நாய் கூட்டவில்லை, கொக்கும் கூட்டவில்லை. இருளோடு இருளாக வந்து மூட்டையை எறிந்துவிட்டுச் சென்ற மனிதக் கையே கூட்டியது. விலங்கிடமிருந்து மனிதனுக்கு நோய் தாவியது என்று நாம் சொல்லிவருகிறோம். இயற்கை இட்டிருந்த வேலியை முதலில் தாண்டியது விலங்கா, மனிதனா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

வைரஸ் என வழங்கும் நச்சுயிரி, வேறோர் உயிரின் உயிரணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருக இயலாதது. கானுயிர்களின் உடலில் எண்ணற்ற நச்சுயிரிகள் நெடுங்காலமாகத் தங்கியுள்ளன. அவற்றுள் பல, தமக்கு இடந்தந்த உயிருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. பழக்கமில்லாத புதிய உடலொன்றில் புகும்போது சில கொடுநோயாகின்றன. அங்ஙனம் புகுவதற்கு வழி வேண்டும். காட்டை அழித்தல், விலங்குகளை அளவு மீறி நெருக்கி அடைத்தல், கழிவைக் கண்ட இடத்தில் எறிதல், நீர்நிலைகளைக் கெடுத்தல் ஆகிய நான்கும் அவ்வழிகளுள் முதன்மையானவை. நான்கும் நம் செயல்களே.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திருப்பூரின் தறிகளும் தையல் எந்திரங்களும் ஓய்ந்ததையும், வடமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்ததையும் நாம் கண்ணாரக் கண்டோம். ஆயினும் கொரோனா நச்சுயிரியின் பிறப்பிடம் பற்றிய வழக்கு அறிஞரிடையே இன்னும் முடிந்தபாடில்லை. ஆதலின் அதனைச் சான்றாகக் கொள்ளாமல், ஐயத்திற்கு இடமில்லாத வேறு சிலவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

காடு விடுத்த எச்சரிக்கை

1957ஆம் ஆண்டு, அந்நாளைய மைசூர் மாநிலத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்து இறந்து விழுந்தன. அக்காட்டிற்கு விறகொடிக்கவும் மாடு மேய்க்கவும் சென்றுவந்த மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். குரங்கின் உடலிலும் மனிதனின் உடலிலும் நோயைச் சேர்ப்பது காட்டு உண்ணி என்பதை ஆய்ந்தோர் கண்டனர். காட்டின் பெயரே நோயின் பெயராயிற்று. மக்கள் அதனைக் குரங்குக் காய்ச்சல் என்றழைத்தனர். காட்டை வெட்டி விளைநிலமாக்கியதும், எஞ்சிய காட்டிற்குள் கால்நடைகளை மேயவிட்டதும் உண்ணியை மனிதனின் அருகே கொண்டுவந்தன என்பது அறிஞர் பலரின் கருத்து.

அரை நூற்றாண்டு கடந்து, 2012-13ஆம் ஆண்டுகளில் அந்நோய் பந்திப்பூரிலும், அதனை அடுத்துள்ள நம் நீலகிரிக் காட்டிலும் அறியப்பட்டது. நோய்க்குக் குரங்கின் பெயரைச் சூட்டினோம். உண்மையில் குரங்குகளும் அந்நோயால் மாண்டவையே. நமக்கு முன்னே மாண்டு, நமக்கு எச்சரிக்கை தந்தவை என்றும் சொல்லலாம்.

மாமரமும் கொட்டகையும்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவின் பன்றிப் பண்ணைகளில் பணிபுரிந்தோர் மூளைக்காய்ச்சலால் இறக்கலாயினர். கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் எனத் தொடக்கத்தில் கருதி மருந்தடித்தனர், தடுப்பூசியும் இட்டனர். நோய் அடங்கவில்லை. 1999இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா கா பிங் அதனைப் புதிய நச்சுயிரி எனக் கண்டறிந்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அந்நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

நோய் வந்த வழி கருதத்தக்கது. பண்ணைக்காரர்கள் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்களை வளர்த்தனர். காட்டை இழந்த பழந்தின்னி வௌவால்கள் அம்மரங்களுக்கு வந்தன. அவை கடித்துப் போட்ட கனிகள் கீழே அடைக்கப்பட்டிருந்த பன்றிகளுக்கு இரையாயின. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைக்கப்பட்ட கொட்டகையில் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து பரவிற்று. அங்கிருந்து மனிதனை அடைந்தது.

அதே நச்சுயிரி 2018இல் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராப் பகுதியில் தோன்றியது. 17 உயிர்கள் பலியாயின. நோயாளியைப் பேணிய செவிலியர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். பின்னர் 2023இல் மீண்டும் கோழிக்கோட்டிலும், 2024இல் மலப்புறத்திலும், 2025இல் பாலக்காட்டிலும் அது தலைகாட்டியது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கோவை. கோவையை அடுத்தது நம் ஊர்.

நம் தட்டில் உள்ள உணவு

பன்றி நம் உணவன்று. ஆதலின் மலேசியச் செய்தி நமக்குரியதன்று என எண்ணுவார் நம்மிடையே உளர். அவர்கட்கு விடை பறவைக் காய்ச்சலில் உள்ளது. 1997இல் ஆங்காங்கில் கோழிகளிடமிருந்து அந்நோய் 18 பேரைப் பற்றியது, அறுவர் இறந்தனர். நகரத்துக் கோழிகள் பத்து இலட்சத்திற்கும் மேல் கொன்று புதைக்கப்பட்டன. 2006 பிப்ரவரியில் மராட்டியத்து நவாப்பூர்ப் பண்ணைகளின் வழியே அந்நோய் இந்தியாவில் புகுந்தது. 2014இல் குட்டநாட்டு வாத்துகள் மடிந்தன. 2021இல் தில்லியில் சிறுவன் ஒருவன் அந்நோயால் இறந்தான். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடமும் அது காணப்பட்டது.

காட்டு நீர்ப்பறவைகளின் உடலில் தங்கும் இத்தகைய நச்சுயிரிகள் பெரும்பாலும் வீரியங் குறைந்தவை. ஆயிரக்கணக்கான கோழிகள் இறகோடு இறகு உரசி நிற்கும் கொட்டகையில் அவை புகுந்தால், ஓர் உடலிலிருந்து அடுத்த உடலுக்குத் தடையின்றித் தாவுகின்றன. தாவுந்தோறும் மாற்றம் பெற வாய்ப்புண்டு. அம்மாற்றங்களுள் சில கொடியவையாகி, மீண்டும் காட்டுப் பறவைகளையே கொல்கின்றன.

இதனை நம் பல்லடத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். கறிக்கோழி வளர்ப்பில் தமிழகத்திற்கே பெயர்பெற்ற வட்டாரம் அது. கொள்முதல் விலை அங்கிருந்தே அறிவிக்கப்படுகிறது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. உழவர் கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக் கூலி பெறுகிறார். ஏறத்தாழ ஆறு வாரத்தில் கோழி விற்பனைக்கு வந்துவிடுகிறது. மழை பொய்த்த மேட்டுநிலத்து உழவர் பலரின் அடுப்பு எரிவது இத்தொழிலால்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஏழையின் தட்டிலும் இறைச்சியைச் சேர்த்தது இத்தொழிலே. நன்கு வேகவைத்த கோழிக்கறியும் முட்டையும் அஞ்சத்தக்கன அல்ல என்பதும் உண்மையே. ஆகவே கொட்டகைகளை மூடுக என்று நான் கூற வரவில்லை. இடம் தந்து வளர்த்தல், இறந்த கோழியை வெளியே எறியாமல் குழியில் புதைத்தல், நோய் தோன்றின் மறைக்காமல் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் ஆகியவற்றில் நாம் காட்டும் கவனம், நாம் எதிர்பார்க்கும் இலாபத்திற்கு ஈடாக உள்ளதா என்றே கேட்கிறேன். மறைத்தால் இழப்பு ஒரு கொட்டகையோடு நில்லாது.

குப்பையும் நாயும்

பாலத்தடியில் கண்ட நாய்களுக்கு வருவோம். என் மாணவன் ஒருவன் பகலில் கல்லூரியிலும் மாலையில் பனியன் கம்பெனியிலுமாக உழைத்துப் படிப்பவன். நள்ளிரவில் வீடு திரும்பும்போது தெருநாய் காலைக் கடித்துவிட்டது. காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு மறுநாள் வகுப்பிற்கு வந்துவிட்டான். கண்டித்து அழைத்துச் சென்று தடுப்பூசி போடச் செய்தேன். இரண்டு ஊசியோடு நிறுத்தவும் பார்த்தான். கூலி போய்விடும் என்பது அவன் சொன்ன காரணம். உயிர் போய்விடும் என்று சொல்லி மீதியையும் போடவைத்தேன். இன்று நலமாக இருக்கிறான்.

வெறிநாய்க்கடி நோய் முற்றி அறிகுறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தோர் மிக அரியர். அறிகுறி தோன்றுமுன் தடுப்பதோ எளிது. 1885இல் லூயி பாஸ்டர் வழிகாட்டினார். 1907ஆம் ஆண்டு முதலாக நம் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம் இப்பணியில் ஈடுபட்டுவருகிறது. கடித்தவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதலும், உடனே மருத்துவரை அடைந்து தவணை தவறாமல் ஊசி போட்டுக்கொள்ளுதலும் இன்றியமையாதன. ஓரூரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதிற்குக் குறையாமல் தடுப்பூசி போட்டுவந்தால் அந்நோயின் சங்கிலி அறும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

ஆயின், நாய்கள் இத்துணைப் பெருகியது எவ்வாறு? எங்கு உணவு கிடைக்கிறதோ அங்கு உயிர் பெருகும். நாள்தோறும் இறைச்சிக் கழிவைச் சாலையோரத்தில் கொட்டி வளர்த்தவர்கள் நாமே. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், உழவர்கள் இறந்த ஆடுகளோடு வீதிக்கு வந்து 2024, 2025ஆம் ஆண்டுகளில் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நாடறிந்த செய்தி. நாயைக் கல்லால் அடித்து மூட்டையை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த நாள் வேறொரு நாய் அங்கு நிற்கும்.

ஆறும் கொசுவும்

நொய்யலின் வரலாற்றை இம்மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிடும் நிலை வந்தது. கழிவுநீரை வெளியே விடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அதன்பின் ஆலைகள் மாறின. ஆயினும் கெட்ட நிலத்தடி நீர் ஒரு தீர்ப்பால் திருந்திவிடாது.

ஆறும் கிணறும் உதவாத ஊர், தொலைவிலுள்ள பவானியையும் காவிரியையும் நம்பிக் குழாயடியில் நிற்கிறது. நாள்தோறும் வாராத நீரை, வந்த நாளில் பிடித்து டிரம்மிலும் தொட்டியிலும் தேக்கிவைத்தல் தவிர வாடகைக் குடியிருப்பில் வாழும் தொழிலாளிக்கு வேறு வழியில்லை. டெங்கு நச்சுயிரியைச் சுமக்கும் ஏடிசுக் கொசு விரும்புவது அவ்வாறு மூடாமல் தேங்கிய நல்ல நீரையே. ஆற்றை நாம் இழந்ததற்கும் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதற்கும் உள்ள தொடர்பு இதுவாகும். ஆற்றைக் கெடுத்தவர் ஒருவராகவும் காய்ச்சலில் கிடப்பவர் வேறொருவராகவும் இருப்பதுதான் இதிலுள்ள கொடுமை.

வெறுப்பு மருந்தாகாது

இவற்றையெல்லாம் கேட்டதும், வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவோம், நீர்ப்பறவைகளைத் துரத்துவோம் என்று கிளம்புவோரும் உண்டு. அது நோயை வரவழைக்கும் வழி. 1994இல் ஆத்திரேலியாவில் ஹெண்டிரா என்னும் நச்சுயிரி வௌவாலிடமிருந்து குதிரைக்கும் குதிரையிடமிருந்து மனிதனுக்கும் பரவியது. கால் நூற்றாண்டுக் காலச் செய்திகளைத் திரட்டி ஆய்ந்தோர் 2022இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். குளிர்காலத்தில் பூக்கும் காட்டு மரங்கள் அழிந்தபோது வௌவால்கள் பசியோடு பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் வந்தன, நோயும் வந்தது. எஞ்சிய காடு மிகுதியாகப் பூத்த ஆண்டுகளில் அவை காட்டிற்குத் திரும்பின, நோய் தாவவில்லை. மரம் நின்றால் வேலி நிற்கும் என்பது இதன் பொருள்.

நல்லாறு சென்று சேரும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலம் என்னும் உலகப் பெருமையும் பெற்றது. வலசை வரும் பறவைகளுக்கு அவற்றுக்குரிய நீர்நிலை தூய்மையாக இருந்தால், அவை நம் கோழிக் கொட்டகையை நாடி வரவேண்டியதில்லை. அக்குளத்திற்குச் செல்லும் ஆற்றிலேயே கோழிக்கழிவை எறிந்தால், வீட்டுப் பறவையின் நோயையும் காட்டுப் பறவையின் நோயையும் நாமே சந்திக்க வைத்தவர்களாவோம். ஈரோட்டை அடுத்த வெள்ளோட்டில் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்மக்கள் இன்றும் வாழ்கின்றனர். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மலையும் நமக்கு அணித்தே உள்ளது. இப்பண்பு நம் மண்ணுக்குப் புதியதன்று.

நம்மிடமிருந்து தொடங்குவோம்

ஊருக்கு உரைப்பதை முதலில் நம் வீட்டிற்கு உரைத்தல் முறை. எங்கள் அத்தா குர்பானிக்கு வாங்கிவந்த ஆட்டிற்குத் தண்ணீர் காட்டாமல் தாம் தேநீர் அருந்தமாட்டார். கத்தியை ஆட்டின் கண்ணில் படும்படி வைக்கவிடமாட்டார். ஓர் ஆட்டின் முன் மற்றோர் ஆட்டை அறுக்கவும் விடமாட்டார். அறுத்து முடிந்ததும் குழி வெட்டிக் கழிவைப் புதைத்து மண்ணிட்ட பின்னரே குளிக்கச் செல்வார். இவை அனைத்தும் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு என்பார். தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் முகந்து தந்தவர் இறைமன்னிப்பைப் பெற்றதையும், பூனையைப் பட்டினியிட்டு அடைத்தவள் தண்டனைக்கு ஆளானதையும் நபிகள் நாயகம் அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள் அன்றோ?

இன்று பெருநாளன்று வண்டியில் திணித்துக் கட்டிக் கொண்டுவரும் ஆடுகளையும், மறுநாள் தெருமுனையில் கிடக்கும் கழிவுகளையும் காணும்போது, அறுக்கும் உரிமையை நினைவில் கொண்டு அதற்குரிய கடமையை மறந்தோமோ என்று வருந்துகிறேன். கறிக்கடை நடத்துவோர் எல்லாச் சமயத்தாரிலும் உளர். கழிவு எறிவோரும் அவ்வாறே. ஆயினும் பிறர் செய்கிறார் என்பது நமக்கு விடையாகாது.

நோயும் நலமும் இறைவன் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும் எனச் சிலர் அமைதி கொள்வர். ஏழாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் கொள்ளைநோய் பரவியதறிந்து கலீஃபா உமர் அவர்கள் வழியிலேயே படையோடு திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுவதா என்று வினவப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்வதாக அவர்கள் விடை பகர்ந்த வரலாற்றைப் பெரியோர்கள் அறிவார்கள். முயற்சியும் இறைவன் தந்ததே.

ஆகவே பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு முன்னரே நகராட்சியோடு கலந்து, மஹல்லாதோறும் கழிவைச் சேர்த்துப் புதைக்கும் ஏற்பாட்டை ஜமாஅத்தே பொறுப்பேற்றுச் செய்யலாம். கறிக்கடைக்காரர்களை அழைத்துப் பேசி, ஆற்றில் ஒரு மூட்டையும் விழாமல் உறுதி பெறலாம். தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட அலுவலர் வரும்போது உடனிருந்து உதவலாம்.

மாணவச் செல்வங்களே! நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக நல்லாற்றின் கரையை அவிநாசி முதல் நஞ்சராயன் குளம் வரை நடந்து பாருங்கள். எங்கெங்கே கழிவு விழுகிறது, எவ்விடத்தில் சாக்கடை கலக்கிறது எனக் குறித்து வாருங்கள். வாரம் ஒருமுறை உங்கள் வீட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். நாய் கடித்தால் மறைக்காதீர்கள்.

அன்று பாலத்தில் மூக்கைப் பொத்தி நடந்தவர்களுள் நானும் ஒருவன். கல்லூரிக்கு நேரமாயிற்று என்று விரைந்துவந்து, அன்று முதல் பாடவேளையில் உயிர்களின் வரிசையைப் பற்றி நடத்தினேன். நடத்தும்போது கூச்சமாக இருந்தது. வேலி தாண்டியது யார் என்ற வினாவிற்கு அந்தக் கூச்சமே என் விடை. தாண்டிய கால் நம்முடையது. திரும்ப வேண்டியதும் அக்காலே.